ஒரு துளி இரத்தமும் ஒரு துண்டுக் காகிதமும்

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மலைப்பாதை சின்னாற்று வனத்தைக் கடந்து மறையூரை அடைகிறது. அங்கிருந்து மேலும் வளைந்து வளைந்து ஏறினால் காந்தலூர். கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆயினும் அங்கே நம் காதில் விழுவது பெரும்பாலும் தமிழே. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களும் சேர்ந்தது அஞ்சுநாடு. தங்கள் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று அம்மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். முன்பு திருவிதாங்கூரில் அடங்கியிருந்த தேவிகுளம் தாலுகா, 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது அதனுடன் சேர்ந்தது. நேயர்களில் பலர் பிழைப்பை நாடி ஊரை விட்டுச் சென்று வெளி மாநிலத் தமிழர் ஆனவர்கள். காந்தலூர்க்காரர்களோ தம் வீட்டுத் திண்ணையிலேயே இருந்துகொண்டு வெளி மாநிலத் தமிழராக வாழ்பவர்கள்.

பூண்டும் பழத்தோட்டமும் பனிமூட்டமும் காண்பவர் மனத்தைக் கவரும். அங்கே குடியிருப்பவர்க்கு அழகோடு தூரமும் பங்காக வந்திருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் முதுவர் முதலான மலைவாழ் மக்களின் குடிகள் உண்டு. அத்தகைய ஒரு குடியில் ஒரு குழந்தை அடிக்கடி காய்ச்சலில் விழுகிறது, கைகால் வலியால் துடிக்கிறது, முகம் வெளுத்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் இன்னதென்று அறிய இரத்தப் பரிசோதனை வேண்டும். ஒன்று, தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்க வேண்டும்; அல்லது அதன் இரத்தம் கண்ணாடிக் குழாயில் அடைபட்டு, குளிர் கெடாமல், ஜீப்பிலும் பஸ்ஸிலும் நகரத்துச் சோதனைச்சாலையை நோக்கிப் பயணம் போக வேண்டும். முடிவு வர நாட்கள் ஆகும். அதைக் கேட்க அந்தத் தாய் ஒரு நாள் கூலியை இழந்து மறுபடியும் வர வேண்டும். வராமல் இருந்துவிடுபவர் எத்தனையோ பேர்.

இந்தத் தூரத்தைக் குறைக்க விஞ்ஞானிகள் கையாண்ட சாதனங்களுள் மிகவும் எளியது காகிதம். அதன் வரலாற்றை, இதே மேற்கு மலைத்தொடரில் சற்று வடக்கே கண்டறியப்பட்ட ஒரு நோயின் வரலாற்றோடு இணைத்துச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் ஒரே காலத்தில் வளர்ந்தவை. பல இடங்களில் ஒன்றையொன்று சந்தித்தவை.

காகிதத்தால் சோதிப்பது நமக்கு முற்றிலும் புதிய கருத்தன்று. ஆலத்தி சுற்றும் தட்டைக் காணாதவர் தமிழருள் உண்டோ? மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்ததும் அது செந்நிறம் கொள்கிறது. மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தைக் கண்டால் சிவக்கும் இயல்புடையது. மஞ்சள் சாற்றில் தோய்த்து உலர்த்திய தாளை, காரத்தைக் கண்டறியும் சாதனமாக ரசாயன ஆசிரியர்கள் நெடுங்காலம் கையாண்டு வந்திருக்கிறார்கள். நம் பெண்மணிகள் தட்டில் கண்ட உண்மையைத் தாளில் ஏற்றியதே அது.

காகிதத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அகல்விளக்கின் திரி, கீழே உள்ள எண்ணெயைத் தானே மேலே இழுத்துக்கொள்கிறது. யாரும் இறைப்பதில்லை, நூலிழைகளுக்கிடையே உள்ள நுண்ணிய சந்துகள் எண்ணெயை ஈர்க்கின்றன. மையொற்றும் தாளும் வடிதாளும் அவ்வாறே நீரை இழுக்கின்றன. இந்த ஓட்டத்தின் கணக்கை 1918இல் லூகாஸ் என்பவரும் 1921இல் வாஷ்பர்ன் என்பவரும் வகுத்துரைத்தனர். அதன்படி, நீர் இரண்டு மடங்கு தூரம் செல்ல நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே காகிதத்தில் நீர் ஓடுவது கண்மூடித்தனமான ஓட்டமன்று. முன்கூட்டியே கணக்கிட்டு நாம் விரும்பியபடி நடத்தக்கூடிய ஓட்டம். பம்பு வேண்டாம், மின்சாரம் வேண்டாம். காகிதத்தின் பெருமை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

இனி நோயின் கதைக்கு வருவோம். 1910ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவரின் இரத்தத்தில் கண்ட விந்தையை வெளியிட்டார். வட்டமாக இருக்க வேண்டிய சிவப்பணுக்களிற் சில, கதிர் அறுக்கும் அரிவாள் போல வளைந்து கிடந்தன. அதனால் இந்நோய்க்கு அரிவாள் அணுச் சோகை என்று பெயர் வந்தது. நல்ல சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்கள் வாழும். அரிவாள் அணு 10 முதல் 20 நாட்களுக்குள் அழிந்துவிடும். அதனால் இரத்தம் குன்றுகிறது. வளைந்து விறைத்த அணுக்கள் மெல்லிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்வதால் பொறுக்க முடியாத வலி உண்டாகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள கூறு வந்து சேர்ந்தால் குழந்தை நோயாளி ஆகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் நோய் இல்லை. அவர் அக்கூற்றைத் தாங்கி நிற்பவர் மட்டுமே. தாங்குவோர் இருவர் மணந்துகொண்டால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

நெடுங்காலம் இது ஆப்பிரிக்க வழியினர்க்கே உரிய நோய் என்று எண்ணியிருந்தனர். 1952இல் அவ்வெண்ணம் தகர்ந்தது. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் ஆய்வாளர் இருவரும் நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்த அரிவாள் கூறு இருப்பதைக் கண்டு வெளியிட்டனர். அதே ஆண்டில் மேல் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தொழிலாளர் சிலரிடமும் இந்நோய் இருப்பதை டன்லப், மஜும்தார் என்னும் மருத்துவர்கள் தெரிவித்தனர். அந்தத் தொழிலாளர்கள் வேறு பகுதிகளிலிருந்து குடியேறியவர்கள். பிழைக்கச் சென்ற இடத்துக்கு மனிதன் தன் மொழியையும் தெய்வத்தையும் மட்டுமன்றி, தன் இரத்தத்தின் மறைவான செய்தியையும் கொண்டு செல்கிறான்.

பின்னர் மத்திய இந்தியாவின் பழங்குடிகளிடமும், நீலகிரியை அடுத்த வயநாட்டிலும், பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியிலும் இந்நோய் காணப்பட்டது. இத்தகைய கூறு தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பது ஏன் என்னும் வினாவுக்கு 1954இல் ஆலிசன் விடை கண்டார். ஒரு கூறு மட்டும் உடையவரை மலேரியாக் காய்ச்சல் எளிதில் கொல்வதில்லை. காய்ச்சல் மிகுந்த காடுகளில் முன்னோருக்குக் கவசமாக நின்றதே, இரட்டிப்பாகச் சேரும்போது பேரப்பிள்ளைகளுக்கு நோயாகிறது. ஆதலின் இது யாருடைய பாவமும் அன்று; யாருடைய இழிவும் அன்று.

இந்நோயின் வேரைத் தேடியபோதுதான் விஞ்ஞானிகளுக்குக் காகிதம் கை கொடுத்தது. 1949இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய கூட்டாளிகளும், நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்கிறது என்று காட்டினர். நோயின் இருப்பிடம் ஒரு மூலக்கூறே என்று அன்று தெளிவாயிற்று. ஆனால் அவர்கள் கையாண்டது அறையை அடைத்து நிற்கும் விலையுயர்ந்த கருவி. சில ஆண்டுகளுக்குள் அதே வேலையை ஈரமாக்கிய வடிதாள் துண்டு ஒன்றில் செய்யக் கற்றுக்கொண்டனர். தாளின் இரு முனைகளிலும் மின்சாரம் பாய்ச்சினால், நல்ல ஹீமோகுளோபினும் அரிவாள் ஹீமோகுளோபினும் பிரிந்து இரண்டு கறைகளாக நிற்கும்.

இதற்குச் சற்று முன்னர், 1944இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கம்பளித் தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் ஆகியோர், கலவைகளை வடிதாளில் ஓடவிட்டுப் பிரிக்கும் முறையை அமைத்திருந்தனர். கம்பளி மயிரின் புரதத்தை ஆராயப் புகுந்தவர்கள் உலகத்துக்கே ஒரு சாதனத்தைத் தந்துவிட்டனர். இம்முறைக்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக மார்ட்டினும் சிஞ்சும் 1952இல் ரசாயனத்துக்குரிய நோபல் பரிசு பெற்றனர். நீலகிரியின் செய்தி வெளியானதும் அதே ஆண்டில்தான்.

1956இல் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம் இரண்டு முறைகளையும் ஒரே தாளில் சேர்த்தார். ஹீமோகுளோபினைச் சிறு துண்டுகளாக வெட்டி, வடிதாளில் ஒரு திசையில் மின்சாரத்தாலும் மறு திசையில் கரைப்பானாலும் பரப்பினார். தாளில் தோன்றிய புள்ளிகள் கைரேகை போல அமைந்தன. நல்ல இரத்தத்தின் ரேகையையும் நோயாளியின் ரேகையையும் ஒப்பிட்டபோது ஒரே ஒரு புள்ளி இடம் மாறியிருந்தது. 146 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியில் ஒன்று மட்டும் மாறியிருப்பதே அத்தனை துன்பத்துக்கும் காரணம் என்பது தெரிந்தது. குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருந்தது. ஒரு பரம்பரை நோயின் காரணத்தை இத்துணை நுட்பமாக மனிதன் அறிந்தது அதுவே முதன்முறை. அவ்வறிவு எழுதப்பட்டதும் ஒரு காகிதத் தாளில்தான்.

இவை யாவும் சோதனைச்சாலைக்குள் நடந்தவை. காகிதம் வெளியே வந்து மக்கள் கைக்கு எட்டிய கதை இனி. 1937இல் யகோடா என்பவர், தாளில் பாரபின் மெழுகால் வளையம் இட்டு, சொட்டு மருந்து பரவாமல் ஒரே இடத்தில் நிற்கச் செய்தார். 1949இல் முல்லரும் கிளெக்கும் மெழுகுக் கரைகளுக்கு இடையே குறுகிய வாய்க்கால் அமைத்து நீர்மத்தை அதன் வழியே ஓடவிட்டனர். வரப்புக் கட்டி வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவனின் முறையே தாளின் மேல் நடந்தது. 1956இல் அமெரிக்காவின் எல்க்கார்ட் நகரத்தில் ஆல்பிரட் பிரீ, ஹெலன் பிரீ தம்பதியர், சிறுநீரில் தோய்த்தவுடன் நிறம் மாறிச் சர்க்கரையைக் காட்டும் தாள் பட்டையை வெளியிடச் செய்தனர். அதுவரை சிறுநீரை மருந்துடன் சேர்த்துச் சூடாக்கிப் பார்த்துவந்த வேலையை ஒரு நொடியில் தோய்த்தெடுக்கும் காரியமாக அது மாற்றிவிட்டது. 1963இல் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை வெளியிட்டார். உலர்ந்த தாளை உறையிலிட்டுத் தபாலில் அனுப்பலாம். தூர தேசத்திலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதுபவர்க்குக் காகிதம் செய்த உதவியை, அன்று முதல் அது நோயாளிக்கும் செய்யலாயிற்று.

1988இல் கர்ப்பத்தை அறியும் பட்டை எளிய வடிவில் வீடுகளுக்கு வந்தது. மலேரியாவைக் காட்டும் பட்டைகளும் அந்த வரிசையில் தொடர்ந்தன. 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் என்பவரின் குழுவினர், பழைய மெழுகு வரப்பின் கருத்தைப் புதிய நுட்பத்தோடு எடுத்தாண்டனர். சிறிய தாளில் நீர் புகாத சுவர்களை எழுப்பி, நடு வாய்க்கால் ஒன்று கிளைகளாகப் பிரியும்படி செய்தனர். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் வெவ்வேறு மருந்து. ஐந்து மைக்ரோலிட்டர் நீர்மம், அதாவது ஒரு சொட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, தானே ஓடிச் சர்க்கரையையும் புரதத்தையும் ஒரே வேளையில் காட்டியது. காகித நுண்பாய்மக் கருவி என்று இன்று வழங்குவது இதுவே. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், மெழுகை அச்சடிக்கும் சாதாரண அச்சுப்பொறியாலேயே இத்தகைய சுவர்களை அமைக்கலாம் என்றும் காட்டப்பட்டது.

இதே வழியில் 2013இல் காகிதமும் அரிவாள் நோயும் மீண்டும் சந்தித்தன. செர்கே ஷெவ்கோப்லியாஸ் என்பவரும் உடனுழைத்தோரும் அமெரிக்காவில் அமைத்த சோதனை மிகவும் எளியது. ஒரு துளி இரத்தத்தை, அணுக்களை உடைத்துப் பிராணவாயுவை நீக்கும் மருந்து நீரில் கலக்கிறார்கள். அந்த நிலையில் நல்ல ஹீமோகுளோபின் கரைந்தே இருக்கும். அரிவாள் ஹீமோகுளோபின் கரையாமல் கோத்துக்கொண்டு இழைகளாக நிற்கும். கலவையில் ஒரு சொட்டைத் தாளில் விடுகிறார்கள். கரைந்தது தாளின் சந்துகளில் புகுந்து நாற்புறமும் பரவி இளஞ்சிவப்பு வளையமாகிறது. கரையாதது நகர முடியாமல் நடுவிலேயே சிக்கிக் கருஞ்சிவப்புப் பொட்டாகிறது. பொட்டு இல்லையெனில் குறை இல்லை. பொட்டும் வளையமும் சேர்ந்திருந்தால் அவர் கூற்றைத் தாங்குபவர். பொட்டு அழுத்தமாகவும் சுற்றுப்புறம் வெளிறியும் இருந்தால் நோய் உண்டென ஐயுற வேண்டும். ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டின் கபிண்டாப் பகுதியில் இம்முறையைக் கையாண்டு பார்த்து, 2016இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர்.

நம் நாடும் வாளா இருக்கவில்லை. தில்லியில் உள்ள மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தில் தேவஜோதி சக்கரவர்த்தி, சௌவிக் மைத்தி ஆகியோரின் குழு, அரிவாள் நோய்க்குரிய மரபணு மாற்றத்தைக் கண்டறியும் முறையொன்றை ஆராய்ந்துவந்தது. 2020இல் கொரோனாத் தொற்று பரவியபோது அதே முறையை அத்தொற்றுக்கு மாற்றியமைத்து, தாள் பட்டையில் கோடாகக் காணும் சோதனையை உருவாக்கினர். சத்யஜித் ராய் படைத்த துப்பறிவாளரின் நினைவாக அதற்கு ‘பெலூடா’ என்று பெயர் சூட்டினர். மலைவாழ் மக்களின் நோய்க்காகத் தொடங்கிய ஆராய்ச்சி நாட்டு மக்கள் அனைவருக்கும் உதவ வந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பல்லப் சின்ஹா மகாபாத்ரா என்பவரின் குழுவினர், தாள்களை அடுக்கிய ஒரு சிறு கருவியால் பாலில் யூரியா, மாவு, சோப்பு முதலான 7 கலப்படப் பொருள்களை 30 விநாடிகளில் காண வழி செய்து 2022இல் வெளியிட்டனர். பொருள் வேறாயினும் தத்துவம் ஒன்றே.

இனி, முன்னதாகவே நோயை அறிந்து என்ன பயன் என்று கேட்கலாம். 1986இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை கூறுகிறது. அரிவாள் நோயுள்ள சிறு குழந்தைகளுக்குத் தினமும் இருவேளை பெனிசிலின் கொடுத்துவந்தபோது, உயிரைக் குடிக்கும் ஒருவகைத் தொற்று 84 சதவீதம் குறைந்தது. பெனிசிலின் அரிய மருந்தன்று. எந்தக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்பது தெரிவதே அரிது. வலியைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியாவும் இன்று உண்டு. அறியாமல் போனால் இவை யாவும் மலையடிவாரத்து மருந்துக் கடையிலேயே தங்கிவிடும்.

காகிதத்தின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறந்து சில மாதங்கள் வரை குழந்தையின் இரத்தத்தில் கருவிலிருந்தபோது உண்டான ஹீமோகுளோபின் மிகுந்திருக்கும்; அப்போது கரைதிறன் சோதனை ஏமாற்றக்கூடும். தாள் சந்தேகத்தை எழுப்பும்; உறுதி செய்யப் பெரிய கருவி இன்றும் வேண்டும். வெயிலும் ஈரமும் தாளில் பூசிய மருந்தைக் கெடுக்கும். மலைநாட்டின் மழைக்காலம் சிறிதன்று. ஆயினும் நூறு பேரையும் மலையிறக்காமல், ஐயத்துக்குரிய சிலரை மட்டும் அனுப்பினால் போதும் என்னும் நிலையைக் காகிதம் உண்டாக்கித் தருகிறது.

2023 ஜூலை 1ஆம் நாள் மத்தியப் பிரதேசத்துச் சாடோலில் இந்திய அரசு, அரிவாள் அணுச் சோகையை ஒழிக்கும் தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடி மக்களைச் சோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் அதன் குறிக்கோள். இதற்கு முன்பே நீலகிரியின் கூடலூரில் உள்ள ஆதிவாசி மருத்துவமனை போன்ற இடங்களில் தொண்டுள்ளம் படைத்தோர் இந்நோயாளிகளைத் தொடர்ந்து பேணி வந்திருக்கின்றனர். எனினும் கணக்கைப் பாருங்கள். நீலகிரியில் கண்டறிந்தது 1952. நாடு முழுவதற்குமான இயக்கம் பிறந்தது 2023. இடையே 71 ஆண்டுகள். மலைமகன் விரலில் எடுத்த இரத்தம் உலகத்தின் ஆராய்ச்சி ஏடுகளை விரைவாகச் சென்றடைந்தது. அதனால் விளைந்த நன்மை அவன் குடிசைக்குத் திரும்பி வர மூன்று தலைமுறைக் காலம் பிடித்தது.

அந்தத் தாமதத்துக்குக் காகிதம் இல்லாமை காரணமன்று. கொண்டு சேர்க்கும் கையும், கண்டபின் தொடர்ந்து பேணும் மருந்தகமும் குறைவாயிருந்தமையே காரணம். மற்றொரு கடமையும் உண்டு. ‘கூற்றைத் தாங்குபவர்’ என்று தாள் காட்டிய ஒரு பெண்ணை, நோயாளி என்று கருதி மணமறுப்பது அறியாமை. தாங்குபவர் நம்மைப் போலவே நலமாக வாழ்வார். மணம் பேசும் இருவரும் முன்கூட்டியே அறிந்துகொள்வதே வேண்டுவது. ஒதுக்கி வைக்கப்படுவோம் என்னும் அச்சம் பரவினால், விரலை நீட்ட எவரும் முன்வரமாட்டார்கள்.

மருத்துவமனைக்கு நெடுந்தூரம் இருப்பது எத்தகையது என்பதை ஊரைப் பிரிந்து வாழும் நேயர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மொழி தெரியாத நகரத்தில், எந்த வாசலில் நிற்பது என்று அறியாமல் குழந்தையைத் தோளில் சுமந்து அலைந்தவர் நம்மிடையே உண்டு. காந்தலூர்ச் சரிவில் இருக்கும் தாய்க்கும் துயரம் அதுவே. அவள் குடிசை வாயிலில் ஒரு சுகாதார ஊழியர் வந்து அமர்ந்து, அவள் பேசும் மொழியிலேயே செய்தியைச் சொல்லி, ஒரு துளி இரத்தத்தைத் தாளில் இட்டு, பொட்டு விழுகிறதா என்று அவளோடு சேர்ந்து பார்க்கட்டும். பொட்டு விழுந்தால் மருந்தோடு அடுத்த வாரமும் அவர் அந்த மலையேறி வரட்டும்.